லொன்ச்சோ விழுந்த வாய்க்கால்

பாஸ்க் மலைநாட்டில் எங்கள் ஊர் ஓயார்பே. ஜனவரிக் கடைசியில் நாங்கள் இடுப்பில் ஆட்டுத்தோலைச் சுற்றி, முதுகுப்பக்கம் இரண்டு பெரிய செம்பு மணிகளைக் கட்டிக்கொண்டு பக்கத்து ஊர்வரை வரிசையாக நடப்போம். அந்தச் சத்தத்தில் குளிரில் உறங்கும் பூமி விழித்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. பூமி விழிக்கிறதோ இல்லையோ, பாதிரியார் விழித்துக்கொள்வார்.

இப்படி யாருக்கும் பெரிய தொந்தரவின்றி நடந்துவந்த காலத்தில், நகரத்து அருங்காட்சியகம் எங்களோடு கூட்டாளியாகத் திருவுளம் கொண்டது. பழம்பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது நாகரிகமல்ல, உயிருள்ள மரபோடு கைகோப்பதே நாகரிகம் என்று அங்கே முடிவாகியிருந்ததாம். கைகோப்பதற்காக ஐனிசே என்ற மானிடவியல் அம்மையார் கேமராவோடு வந்து சேர்ந்தார்.

அந்த வருஷம் கசாப்புக்கடை லொன்ச்சோ, பாலத்தைத் தாண்டியதும் வாய்க்காலில் விழுந்தான். தலையில் ரிப்பன் தொப்பி, வாயில் கெட்ட வார்த்தை, இரண்டு மணியும் ஒருசேர முழங்க, முழு ஆளாக விழுந்தான். நாங்கள் சிரித்தோம். அம்மையார் படம் பிடித்தார்.

சில மாதங்களில் வாய்க்கால் கரையில் ஒரு பலகை முளைத்தது. ‘நில அணைப்பு: குளிர்காலத்தின் மரணத்தைக் குறிக்கும் தொன்மையான வீழ்ச்சிச் சடங்கு.’

அடுத்த வருஷம் லொன்ச்சோ விழாமல் நடந்து போய்விட்டான். அருங்காட்சியகம் ஆழ்ந்த வருத்தம் அடைந்தது. அம்மையாரே நேரில் வந்து மதுக்கடையில் கூட்டம் போட்டார்.

“டாக்டரம்மா, அன்னிக்கு நான் ஆப்பிள் கள்ளு குடிச்சிருந்தேன். விழுந்துட்டேன். அவ்வளவுதான்,” என்றான் லொன்ச்சோ.

“அப்படித்தான் தோணும். சடங்கோட அர்த்தம் அதைச் செய்யறவங்களுக்குப் பல சமயம் தெரியறதில்லை.”

“அப்போ வேற யாருக்குத் தெரியும்?”

“அதைச் சொல்லத்தானே நாங்க பங்காளியா வந்திருக்கோம்.”

“பங்காளின்னதுமே நான் கடைச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டேன்,” என்றாள் அவன் மனைவி கார்பின்யே.

லொன்ச்சோ விடவில்லை. “உயிருள்ள மரபுன்னு நீங்கதானே சொல்றீங்க? உயிருள்ளது ஒரு வருஷம் விழும், ஒரு வருஷம் விழாது.”

“உயிரோட இருக்கணும்னா பதிவானபடியே இருக்கணும்,” என்றார் அம்மையார்.

நாங்கள் எல்லாரும் லொன்ச்சோ பக்கம்தான் நின்றோம். ஆனாலும் கறி வாங்கப் போகிறவர்கள், “பாத்து, கத்தியோட விழுந்துடாதே,” என்று சொல்லாமல் வரமாட்டார்கள். அவனுக்கு மானம் போயிற்று. அடுத்த திருவிழா நாளன்று கடையைப் பூட்டிவிட்டு பயோனாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டான்.

பலகையைப் படித்துவிட்டு வெளியூர்க்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கியிருந்தார்கள். வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? தபால்காரன் ஓதேய் முன்வந்து விழுந்தான். ஒரே கைதட்டல். மதுக்கடையில் ஒரு சொட்டு மிச்சமில்லை. மறுநாள் பத்திரிகையில் முதல் பக்கத்தில் ஓதேய், சேறும் சிரிப்புமாக.

அந்தப் பத்திரிகை பயோனாவுக்கும் போகும். லொன்ச்சோ அடுத்த ரயிலில் திரும்பி வந்தான்.

“இதுக்குப் பேரு விழறதா? தபால் மூட்டையைத் தூக்கிப் போட்ட மாதிரி இருக்கு! தோள் முதல்ல படணும்டா, அப்புறந்தான் மணி!”

வருஷம் முழுக்கக் கடையின் கொல்லைப்புறத்தில் விழுந்து பழகினான். கார்பின்யே மெத்தையை இழுத்துப் போட்டபடி, “உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு அந்த வாய்க்கால்ல நான் விழுந்திருக்கலாம்,” என்பாள். திருவிழா வந்தது. அவன் விழுந்த அழகில் வெளியூர்ப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முட்டி பிசகியது. கட்டுப் போட்டுக்கொண்டு ராஜாபோல உலவினான்.

அந்தச் சமயம் பார்த்து ஐனிசே அம்மையார் மறுபடி வந்தார். கேமரா இல்லை. முகத்தில் ரத்தமும் இல்லை.

“பழைய படத்தைத் திரும்பப் பார்த்தேன். என் கேமரா வயர் வழியில கிடந்திருக்கு. அதுல தடுக்கித்தான் லொன்ச்சோ விழுந்திருக்கார். தப்பு என்னோடது. கட்டுரையை வாபஸ் வாங்கிடறேன், பலகையை எடுத்துடறேன். இனிமே யாரும் விழ வேண்டாம்.”

மதுக்கடையில் எல்லாரும் கோப்பையைக் கீழே வைத்தார்கள். லொன்ச்சோ தடியை ஊன்றி எழுந்தான்.

“எங்க தாத்தா விழுந்த வாய்க்கால் இது! அவரோட தாத்தா விழுந்த வாய்க்கால்! நேத்து வந்த நீங்க யாரு எங்க சடங்கைப் பொய்யிங்கறதுக்கு?”

மேசைகள் அதிர்ந்தன. லொன்ச்சோவின் தாத்தாவை எனக்குத் தெரியும். ரொட்டிக்கடைக்காரர். தண்ணீரைக் கண்டால் பயம், பாலத்துப் பக்கமே வரமாட்டார். இருந்தும் மேசையை அதிகம் தட்டியது நான்தான்.

பொதுமக்களின் உணர்வை மதித்து, அருங்காட்சியகம் அம்மையாரை நாணயப் பிரிவுக்கு மாற்றியது. லொன்ச்சோவின் முட்டி இனி தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், இந்த வருஷம் விழும் பாக்கியம் எனக்கு. என் தாத்தாவும் அங்கே விழுந்தவர்தான். இப்போது எனக்கே நன்றாக நினைவிருக்கிறது.