பிளீச்சிங் பவுடர் டப்பாவில் ஒரு நாற்காலி

பேருந்து நிலையத்துக் கட்டணக் கழிப்பிடத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பேர் ஒன்று உண்டு. அதை யாரும் உபயோகிப்பதில்லை. அங்கே வருகிறவர்கள் எல்லாரும் அவசரமாகவே வருவதால் அவருக்கும் ‘அவசரம்’ என்றே பேர் நிலைத்துவிட்டது. அந்த அவசரம் ஒரு நாள் காலை, பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு வீர முடிவுக்கு வந்தார். நாற்காலி வாங்கியே தீருவது. அதுவும் பெண்டாட்டியைக் கேட்காமல்.

அது சாதாரண நாற்காலி இல்லை. சாய்ந்தால் சாயும். காலை நீட்டினால் தாங்கும். பொத்தானை அமுக்கினால் இடுப்பை அமுக்கிவிடும். கழிப்பிட வாசலில் இரும்பு ஸ்டூல்மேல் வருஷக்கணக்காக உட்கார்ந்து அவருடைய இடுப்பு அந்த ஸ்டூலின் வடிவத்துக்கே வந்திருந்தது. குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது. பாவம், நிஜமான வலி. முன்பே ஒரு முறை மனைவியிடம் கேட்டும் பார்த்திருந்தார்.

“நாள் முழுக்க உக்காந்துட்டுத்தானே வர்றீங்க? வீட்டுக்கு வந்தும் உக்காரணுமா?” என்றாள் மனைவி.

“அது வேலைக்கு உக்கார்றது. இது ஓய்வுக்கு உக்கார்றது.”

“ஓஹோ. நான் காலையிலேருந்து அடுப்புக்கு முன்னால நிக்கிறேனே, அது எந்தக் கணக்கு? எனக்கு ஒரு நாற்காலி வேண்டாமா?”

“நிக்கிறதுக்கு எதுக்கு நாற்காலி?” என்றார் அவசரம். சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது.

கேட்காமல் வாங்குவதில் ஒரு சிக்கல் இருந்தது. கழிப்பிட வாசலில் தொங்கும் ஸ்கேன் அட்டை அவள் போனோடு சேர்ந்தது. யார் பணம் அனுப்பினாலும் வீட்டில் ‘டிங்’ என்று மணி அடிக்கும். ஊரில் யாருக்கு எப்போது அடக்க முடியவில்லை என்பதை அவள் காய் நறுக்கிக்கொண்டே தெரிந்துகொள்வாள். “என்னங்க, ரொம்ப நேரமா டிங்கையே காணோம்? கடையை விட்டுட்டு யார்கூட அரட்டை?” என்று உடனே கேள்வி வரும்.

டிங் சொல்லாதது சில்லறை ஒன்றுதான். போன் இல்லாத பெரியவர்கள், சார்ஜ் தீர்ந்துபோன இளவட்டங்கள், காதலியின் முன்னால் பணம் இல்லை என்று தெரிந்துவிடக் கூடாதே என்று வேகமாகப் போட்டுவிட்டுப் போகிறவர்கள், இவர்கள் போடும் காசுதான் அவசரத்தின் சுதந்திரம். அதில் தினம் ஒரு பிடி எடுத்து வந்து, மாடிப்படிக்கு அடியில் இருந்த பழைய பிளீச்சிங் பவுடர் டப்பாவில் கமுக்கமாகப் போட்டு வைத்தார். அந்த நெடி மனைவிக்கு ஆகவே ஆகாது. கிட்டேயே போகமாட்டாள்.

கொஞ்ச நாளாக டப்பாவைத் தூக்கும்போது முன்னைவிட லேசாக இருந்தது. தோள் நன்றாக வலுத்துவிட்டது என்று கண்ணாடியில் பார்த்துப் பூரித்துப்போனார்.

நடுவில் ஒரு தட்டு வேறு காணாமல் போயிற்று. “அகலமான எவர்சில்வர் தட்டைக் காணோம். நீங்கதான் எங்கேயோ தொலைச்சிருக்கீங்க” என்றாள். அவர் எடுக்கவே இல்லை. ஆனாலும் மன்னிப்புக் கேட்டார். அந்த வீட்டில் அதுதான் சீக்கிரம் முடிகிற வழி.

டப்பா நிறைந்த அன்று ஆட்டோ பிடித்து நாற்காலிக் கடைக்குப் போய் இறங்கினார். மூடியைத் திறந்து காட்டினார். வாய்வரை காசு பளபளத்தது. கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“சார், நாங்க காசு வாங்கறதில்லை. போன்ல அனுப்பிடுங்க.”

“என் போன்ல பேச மட்டும்தான் முடியும்.”

“அப்ப பேசிட்டுப் போங்க.”

“அரசாங்கம் அடிச்ச காசுய்யா இது! வேண்டாம்னு சொல்ல நீ யாரு?”

“அப்ப அரசாங்கத்துக்கிட்டயே நாற்காலி வாங்கிக்குங்க. நேத்துகூட ஒரு அம்மா வந்தாங்க, இதே மாடல். சத்தமே போடாம போன்ல அனுப்பிட்டுப் போனாங்க. எவ்வளவு தங்கமானவங்க தெரியுமா?”

“அந்தம்மா புருஷன் கொடுத்து வச்சவன்” என்று பெருமூச்சு விட்டுவிட்டு, அவசரம் டப்பாவோடு வங்கிக்குப் போனார். சில்லறையை நோட்டாக மாற்றிவிட்டால் எந்தக் கடைக்காரன் மாட்டேன் என்பான்?

வங்கிச் சுவரில் ‘இங்கே சில்லறைக் காசுகள் பெற்றுக்கொள்ளப்படும்’ என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த காசாளர், முடியாது என்றார்.

“எண்ணுற மெஷின் ரிப்பேர் சார்.”

“கையால எண்ணுங்க.”

“எண்ணுற ஆள் லீவு.”

“எப்ப வருவார்?”

“மெஷின் சரியானதும் வருவார்.”

அவசரத்துக்கு வந்ததே கோபம்! வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்றார். இடுப்பு வலியைக்கூட மறந்துவிட்டார்.

“கேட்டுக்குங்க மக்களே! காசுன்னா காசுதான்! யார் கொடுத்தாலும் மறுபேச்சு பேசாம வாங்கிக்கணும்! காசை வேண்டாம்னு சொல்றவன் இந்த நாட்டையே வேண்டாம்னு சொல்றான்!”

“நல்லாக் கேளுங்கண்ணே!” என்றாள் வரிசையில் நின்ற பூக்காரி. “பஸ்ல சில்லறை இல்லைன்னு இறக்கி விடறாங்க. இங்க சில்லறை இருக்குன்னு வெளிய துரத்தறாங்க. நாம எங்கதான் போறது?”

“என் இடத்துக்கு வாம்மா. நான் யாரையும் துரத்தறதில்லை” என்றார் அவசரம் பெருந்தன்மையாக.

வரிசையே கைதட்டியது. மேனேஜர் தன் அறையிலிருந்து ஓடி வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், சுவரில் இருந்ததைப் படித்தார், காசாளரை முறைத்தார். “மேஜைமேல கொட்டுங்க சார். நானே எண்ணித் தர்றேன்” என்றார்.

அவசரம் வெற்றிப் புன்னகையோடு டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

முதலில் கொஞ்சம் காசு விழுந்தது. பிறகு ‘டங்’ என்று ஓர் அகலமான எவர்சில்வர் தட்டு விழுந்தது. அதன்பின் விழுந்ததெல்லாம் பிளீச்சிங் பவுடர். குபுகுபுவென்று மேஜை, கம்ப்யூட்டர், மேனேஜர் மீசை எல்லாம் வெள்ளை. வங்கியே இருமியது. வரிசை தும்மிக்கொண்டே வாசலுக்கு ஓடியது. பூக்காரி, “நல்ல ஆளுக்குக் கைதட்டினேன்!” என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

காசாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன் சார். இப்படிப் பவுடர் போட்டு வெளுக்கிறதை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்.”

தரையை எல்லாம் துடைத்துக் கொடுத்த பிறகுதான் விட்டார்கள். மிஞ்சிய காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார் அவசரம். நெஞ்சு கொதித்தது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கதவைத் தள்ளினார்.

கூடத்தின் நடுவில் அந்த நாற்காலி இருந்தது. அதில் காலை நீட்டிச் சாய்ந்தபடி அவள் இருந்தாள். நாற்காலி ‘டுர்ர்ர்’ என்று இடுப்பை அமுக்கிக்கொண்டிருந்தது.

“என்னங்க, முகமெல்லாம் வெள்ளையா இருக்கு?”

அவர் தட்டை நீட்டினார்.

“அடடே, தட்டு கிடைச்சிருச்சா! நான்தான் சொன்னேனே, நீங்கதான் தொலைச்சிருப்பீங்கன்னு.”

“என் காசு எங்கடி?”

“அது மேலதான் உக்காந்திருக்கேன். தெருமுனை பேக்கரிக்காரர் சில்லறை இல்லாம மிட்டாயைக் கொடுத்து எல்லார்கிட்டயும் திட்டு வாங்கிட்டிருந்தார். நான் காசு கொடுத்தேன். நூறுக்கு அஞ்சு கூட வச்சு என் போனுக்கு அனுப்பினார்.”

“அந்த நெடி உனக்கு ஆகாதே?”

“ஆகாதுதான். துணியால மூக்கைக் கட்டிக்கிட்டேன்.”

“இதே காசைத்தானேடி நான் ஊரெல்லாம் சுமந்தேன்? ஒருத்தனும் தொடலையே!”

“நீங்க வாங்கிக்கோ வாங்கிக்கோன்னு சண்டை போட்டிருப்பீங்க. நான் தரமாட்டேன்னு சொன்னேன். அவ்வளவுதான்.” பொத்தானை மறுபடி அமுக்கினாள். “நிக்கிறதுக்கு எதுக்கு நாற்காலின்னு கேட்டீங்களே. அதான் உக்காந்துட்டேன்.”

அவசரத்தின் கோபம் இடுப்பு வழியாக இறங்கிப் போய்விட்டது. வலி மட்டும் மிச்சம் இருந்தது. காலையிலிருந்து டப்பா தூக்கி, தரை துடைத்து, முதுகு வில்லாக வளைந்திருந்தது. அழாத குறையாக, “கொஞ்ச நேரம் நான் உக்காந்துக்கட்டுமா?” என்றார்.

“தாராளமா. நம்ம தொழில் முறைப்படி” என்று எழுந்து, நாற்காலியின் கையைக் காட்டினாள். அங்கே ஒரு புது ஸ்கேன் அட்டை ஒட்டியிருந்தது.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி காசை அள்ளி நீட்டினார்.

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். “சில்லறை வாங்கறதில்லைங்க. போன்ல அனுப்புங்க.”