சம்பந்திக்கு எந்த டயர்?

அன்று காலை அரியலூரில் அமிர்தலிங்கம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: பெண்ணைப் பெற்ற அமிர்தலிங்கம், அவர் மனைவி கலியம்மாள், ஒரு டிராக்டர் வைத்திருப்பதால் சக்கரம் உள்ள எல்லாவற்றைப் பற்றியும் தீர்ப்புச் சொல்கிற கலியம்மாளின் தம்பி வைரக்கண்ணு, கல்யாணத் தரகர் பாவாடை, சமையலறைக் கதவுக்குப் பின்னால், அங்கே இல்லாதது மாதிரி, கல்யாணப் பெண் ஜெயலட்சுமி.

பேச்சு டயரைப் பற்றி.

"மாப்பிள்ளை தர்மனுக்கு ஸ்போர்ட்ஸ் கார்னா உசிருங்க," என்றார் பாவாடை. "செவப்பு. ரெண்டே சீட்டு. டயர் விஷயத்துலதான் மனசு அல்லாடுது. கம்பெனி அளவு டயரா, இல்ல அதைவிட ஒரு விரக்கடை அகலமானதான்னு நேத்து சரியாவே சாப்பிடல. உங்க காதுல போட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அமிர்தலிங்கத்துக்குப் புரிந்தது.

அந்தப் பக்கத்து நல்ல குடும்பங்களில் யாரும் வாயைத் திறந்து சீர் கேட்க மாட்டார்கள். கேட்பது கேவலம். 'எங்களுக்கு ஒண்ணும் வேணாம்' என்று சொல்லிவிட்டு, எதையாவது பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெருமூச்சின் நீளத்தை அளந்து பெண் வீட்டார் செய்ய வேண்டும். திருப்பிக் கேள்வி கேட்பது அதைவிடக் கேவலம்.

அமிர்தலிங்கம் அளவில் தவறி ஏற்கெனவே மூன்று வரன்கள் கைவிட்டுப் போயிருந்தன. முதல் சம்பந்தி எதிர்வீட்டுப் புல்லட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபோது, இவர் ஆஸ்துமா என்று நினைத்து ஜெயங்கொண்டத்தில் ஒரு வைத்தியர் பெயரைச் சொன்னார். ஜெயலட்சுமிக்கு வயது இருபத்தேழு. இதுவும் போனால் அடுத்தது ரெண்டாம் தாரம்தான் என்று கலியம்மாள் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"டயர் மட்டும்தானா?" என்று அமிர்தலிங்கம் மனைவியின் காதில் கேட்டார். "நெலம் கேக்கல, பம்ப்செட்டு கேக்கல. டயருக்குப் பெருமூச்சு விடுறாங்க. இந்தக் காலத்துல இப்படியும் ஒரு குடும்பமா!"

"சட்டுனு ஒத்துக்குங்க. மனசு மாறிடப் போறாங்க."

"கம்பெனி அளவே வாங்கிடுவோம் பாவாடை. கார் செஞ்சவனுக்குத் தெரியாததா?"

வைரக்கண்ணு சிரித்தான். "மாமா, கம்பெனி அளவு வாடகைக் காருக்கு. அகலம்தான் கெத்து. என் டிராக்டரப் பாருங்க."

"ஓம் டிராக்டர்ல யாருடா பொண்ணு மாப்பிள்ளையா போகப் போறாங்க? நீ சும்மா இரு."

பாவாடை அந்தச் செய்தியோடு மாப்பிள்ளையின் ஊரான திருமானூருக்கு பஸ் ஏறினார். மறுநாளே திரும்பி வந்தார். முகம் சுண்டியிருந்தது.

"மாப்பிள்ளையோட அப்பா தங்கராசு ஒண்ணும் சொல்லலீங்க. 'அளவோட செய்யறாங்க போல. செய்யட்டும்'னாரு. அவ்வளவுதான். காப்பிய அப்படியே வச்சிட்டு எந்திரிச்சுட்டாரு."

'செய்யட்டும்' என்றால் 'போதாது' என்று அர்த்தம் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றான் வைரக்கண்ணு.

"அகலம்! அகலமே போடறோம்னு சொல்லு," என்று அமிர்தலிங்கம் பதறினார். "ஓடுய்யா, அடுத்த பஸ்ஸு போயிடும்."

பாவாடை ஓடினார். வந்தார்.

"சம்பந்திக்குத் திருப்தி. சம்பந்தியம்மா ஜானகிதான் கண்ணக் கசக்குது. அகல டயரு சேத்த வாரி அடிக்குமாமே, எம்மவன் வெள்ளச் சட்ட போடறவனாச்சேன்னு."

அமிர்தலிங்கம் தலையில் கை வைத்தார். மாமனாருக்கு அகலம், மாமியாருக்குக் குறுகல். பெண் வாழப்போவது மாமியாரோடு. ஆனால் தேதி குறிக்கப்போவது மாமனார்.

அவரும் வைரக்கண்ணுவும் பெரம்பலூர் டிரங்க் ரோட்டில் டயர் கடை வைத்திருந்த காதர் பாயிடம் போனார்கள். பாய் பொறுமைசாலி.

"என்ன வண்டிங்க?"

"செவப்பு வண்டி."

"கலர் கெடக்கட்டும். ரிம்மு என்ன அளவு?"

"தெரியாதுங்க."

"சரி, வண்டிய ஓட்டிட்டு வாங்க, மாட்டிப் பாத்துடலாம்."

"சம்பந்தி வூட்டு வண்டிங்க பாய்."

"அப்ப அவங்கள அளவு கேட்டுட்டு வாங்க."

"அதெப்படிக் கேக்குறது? நாங்க பொண்ணு வூடு."

காதர் பாய்க்கும் ஒரு பெண் இருந்தாள். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்றேன். அகல டயர் போட்டா திருப்பத்துல ரோட்ட நல்லாப் புடிக்கும். ஆனா உள்ள எடம் இல்லேன்னா மட்கார்டுல ஒரசும். ஸ்டியரிங்கும் கனமா இருக்கும். கம்பெனி அளவுல அந்தத் தொல்ல இல்ல. மட்கார்டுல எடம் இருக்கான்னாவது தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க."

பாவாடை மறுபடி திருமானூர் போனார். மட்கார்டில் உரசுமா என்று பெண் வீட்டார் கவலைப்படுவதாக மெதுவாக எடுத்துச் சொன்னார். தங்கராசு சொன்ன பதிலை ஒரு எழுத்து மாறாமல் கொண்டுவந்தார்.

"'அதெல்லாம் அவங்கதான பாத்துச் செய்யணும்'னாருங்க."

"மட்கார்டும் நம்ம தலையிலயா?" என்றார் அமிர்தலிங்கம்.

"டிங்கர் ஒருத்தனக் கூட்டிட்டுப் போயிடுவோம் மாமா. ஒரசற எடத்த அங்கயே தட்டி விட்டுடலாம்."

"கார வெட்டறதுக்கா சீர் கொண்டு போறோம்? நல்ல காரியத்துல சுத்தியல் சத்தமா?"

அப்போதுதான் கலியம்மாள் வாயைத் திறந்தாள். "ரெண்டையும் வாங்கிக் குடுத்துட்டா என்ன? சேறு இருக்கிற நாளுல சின்னது. காஞ்ச நாளுல அகலம். எவ எதச் சொல்றான்னு பாப்போம்."

நாலும் நாலும் எட்டு. அமிர்தலிங்கம் வீட்டு உழவு மாட்டு ஜோடி மீன்சுருட்டி ஊர்க்காரர் ஒருவருக்குக் கைமாறியது. மாட்டை ஓட்டிப் போனபோது அமிர்தலிங்கம் வீட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். மாடு இல்லாமல் உழலாம், டிராக்டர் இருக்கிறது. மகளுக்கு நாலாவது வரனும் போனால் தெருவில் தலை காட்ட முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"எட்டு டயர்" என்று பாவாடை திருமானூரில் போய்ச் சொன்னதும் அங்கே நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. மூன்றாம் நாளே தங்கராசு குடும்பத்தோடு அரியலூர் வந்து இறங்கினார். அதுவரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர், இலை போடச் சொல்லிக் கை நனைத்தார். ரெண்டாம் தடவை சாம்பார் கேட்டு வாங்கினார். தர்மன் தலையைக் குனிந்துகொண்டு ஜெயலட்சுமியை மூன்று முறை பார்த்தான். வைகாசியில் முகூர்த்தம் குறித்தார்கள்.

"எட்டுன்னு கேட்டதும் எங்க வூட்டுல அழுதுடுச்சுங்க," என்றார் தங்கராசு, அமிர்தலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு. "இந்த ஜில்லாவுல எந்தச் சம்பந்தியும் இப்படிச் செஞ்சதில்ல."

"ஏதோ எங்களால முடிஞ்சது."

"அப்படிச் சொல்லாதீங்க. பெரிய மனசு வேணும்."

அவர்கள் போனபின் அமிர்தலிங்கம் வெகுநேரம் வாசலில் நின்றார். டயருக்கு அழுகிற குடும்பம். எவ்வளவு எளிமையான மனிதர்கள்! இவர்களைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

சீர் கொண்டுபோகிற நாள். வைரக்கண்ணுவின் டிராக்டர் டிரெய்லரில் எட்டு டயருக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கதம்ப மாலை போட்டிருந்தது. தேங்காய், பழத் தட்டுகளை டயர்களின் நடுவே வைத்தார்கள், ஆடாமல் நின்றன. ஓரத்தில் டிங்கர் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தான். கலியம்மாள் அவனுக்கும் சந்தனம் கொடுத்தாள்.

திருமானூரில் மேளம் காத்திருந்தது. ஜானகி ஆரத்தி எடுத்தாள். சொந்தக்காரர்கள் தெரு அடைத்து நின்றார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஷெட். பூச்சு ஈரம்கூடக் காயவில்லை. இரட்டைக் கதவுக்கு மாவிலை கட்டியிருந்தது. அதைக் கட்டிய கொத்தனார் அமாவாசை, கையில் மட்டக்கோலோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

யாரும் டிராக்டரைப் பார்க்கவில்லை. டிராக்டருக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க சம்பந்தி," என்றார் தங்கராசு. கண் ரோட்டிலேயே இருந்தது. "நீங்க முன்னாடி வந்துட்டீங்களா?"

"எல்லாருமாத்தான் வந்துட்டோம். ஷெட்டத் தொறங்க, எறக்கிடுவோம்."

பாவாடை அன்று ஆச்சரியமான சுறுசுறுப்பில் இருந்தார். யாரும் சொல்லாமலே முதல் டயரை உருட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் போனார். டிங்கரும் வைரக்கண்ணுவும் மற்ற டயர்களை உருட்டினார்கள். கடைசி டயரையும் வைத்துவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். பாவாடை மட்டும் வரவில்லை.

அமிர்தலிங்கம் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். டயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அதற்குப் பின்னால் பாவாடையின் தலைப்பாகை தெரிந்தது. மற்றபடி ஷெட் துடைத்துவிட்ட மாதிரி காலி.

"மாப்பிள்ளையோட கார எங்க நிறுத்தியிருக்கீங்க?" என்று அவர் கேட்டார்.

"எந்தக் கார?" என்றார் தங்கராசு.

மேளக்காரன் என்னவோ ஏதோவென்று நிறுத்திவிட்டான். கொத்தனார் அமாவாசைக்கு அந்தி சாய்வதற்குள் குன்னம் பஸ் பிடிக்க வேண்டும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அமிர்தலிங்கத்திடம் மரியாதையாகக் கேட்டார்:

"எட்டு டயரும் எறங்கிடுச்சுங்க. நீங்க குடுக்கிற ரெண்டு காரும் எப்பங்க வரும்? உள்ள நொழையுதான்னு பாத்துட்டு நான் வூட்டுக்குப் போகணும்."

இரண்டு சம்பந்திகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஷெட்டைப் பார்த்தார்கள். ஒரு கதவை அமிர்தலிங்கம் இழுத்துச் சாத்தினார், மறு கதவைத் தங்கராசு. பாவாடையை உள்ளே வைத்தபடியே புதுப் பூட்டைப் போட்டுப் பூட்டினார்கள்.