புதைமேட்டில் சிக்கிய புல்வெட்டி

அன்புள்ள தம்பி யால்மாருக்கு,

அக்கா ராக்ன்ஹில்ட் எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் நலமென்று நம்புகிறேன். நான் நலம். உன் அத்தான் ஆல்வார் நலமா என்று எனக்குத் தெரியாது; ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நாங்கள் பேசிக்கொள்வதில்லை. சனிக்கிழமை ரயிலில் கோத்தன்பர்க் வருகிறேன். மாடி அறையை ஒழித்து வை. குளிர்காலத் துணிகளையும் எடுத்து வருகிறேன் என்பதிலிருந்து விஷயத்தைப் புரிந்துகொள்.

எங்கள் கொல்லைப்புறத்தில் அந்தக் காலத்து ஆட்களைப் புதைத்த புதைமேடு உனக்குத் தெரியும், பிள்ளைகள் பனியில் சறுக்கி விளையாடிய மேடுதான். வசந்தத்தில் உன் அத்தான், வேண்டாமென்று நான் சொல்லச் சொல்ல, உட்கார்ந்து ஓட்டும் புதுப் புல்வெட்டி வண்டியை அதன்மேல் ஏற்றினார். உச்சியில் முன்சக்கரம் பொசுக்கென்று உள்ளே இறங்க, வண்டி குப்புற நின்றது, இவர் பறந்துபோய்க் காஞ்சொறிப் புதரில் விழுந்தார். உடம்பெல்லாம் தடித்துப்போய் எழுந்து பார்த்தால், சக்கரத்துக்கடியில் ரூன் எழுத்து வெட்டிய பழங்காலக் கல். தொல்பொருள் அலுவலகத்திலிருந்து டூவா என்ற பெண் வந்தாள். வண்டியை அசைத்தால் கல் உடையும், தோண்டி முடிக்கும்வரை அங்கேயே நிற்கட்டும் என்று கயிறு கட்டிவிட்டுப் போனாள். கோடை முழுக்க அது அங்கேயே நின்றது. சுற்றிலும் புல் இடுப்பளவு வளர்ந்தது. இவர் தினமும் கயிற்றுக்கு வெளியே நின்று, ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல் வண்டியைப் பார்ப்பார். பக்கத்துப் பண்ணை ஏவெர்ட் சும்மா இருப்பாரா?

"விடுப்பா ஆல்வார். ஆயிரம் வருஷம் கழிச்சுத் தோண்டுறவங்க, பெரிய தலைவன் போலிருக்கு, வண்டியோட புதைச்சிருக்காங்கன்னு சொல்லுவாங்க!"

ஞாயிறன்று கல் முழுசாக வெளியே வந்தது. அக்கம்பக்கத்தார் எல்லோரும் கூடியிருந்தார்கள். நான் காபியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்தேன். டூவா எழுத்தின்மேல் விரலை ஓட்டி வாசித்தாள்: 'அஸ்வேட் தன் மனைவி தோர்கூனுக்காக இந்தக் கல்லை நட்டான். அவள் இருந்தவரை இந்தப் பண்ணையில் குளிர் தெரியவில்லை.'

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வேகத்தில் கேட்டுத் தொலைத்தேன்: "ஏங்க, எனக்கு ஒரு கல்லு வெச்சா அதுல என்ன எழுதுவீங்க?"

இவர் யோசித்தார். எல்லார் காபியும் ஆறிப்போனது.

"அவசரப்படாதே ஆல்வார், கல்லு வெட்டவே மாசக்கணக்காகும்" என்றார் ஏவெர்ட்.

கடைசியில் இவர் திருவாய் மலர்ந்தார். "இவ டிராக்டரை நல்லா ரிவர்ஸ் எடுப்பா."

டூவாகூடச் சிரித்தாள், தம்பி. இவரோடு சேர்ந்து மாடு கறந்து, பிள்ளைகளை ஆளாக்கி, இவர் அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் நான். டிராக்டரைப் பின்னால் எடுத்ததுதான் மிச்சம்! இனி இந்த வீட்டில் ஒரு வேளைகூட இருப்பதாக இல்லை. முடிவு முடிவுதான்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
ராக்ன்ஹில்ட்

பி.கு.: இதை உறையில் போடும்போது இவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். "அந்தக் கல்லு விஷயம்..." என்றார். நான் நிமிரவில்லை. "நான்தான் முதல்ல போவேன்னு நெனச்சுட்டிருந்தேன். நீ இல்லாத வீட்டை யோசிச்சதே இல்ல. அன்னைக்கு யோசிச்சுப் பார்த்தேனா, பயமாயிடுச்சு. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்." பிறகு, கல்யாணமான நாளிலிருந்து செய்யாத காரியமாக, எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். வெறும் வெந்நீர். குடித்துவிட்டேன். மாடி அறையை ஒழிக்க வேண்டாம்.