குளோரின் வூட்டுக்கு ஒரு ஆள்

பயணிகளை எலக்ட்ரான்களாகப் பார்த்த கண்டக்டர் உலகத்திலேயே ஒருத்தர்தான். எண்பதுகளில் அவர் எங்கள் மாரண்டஹள்ளி–பாலக்கோடு பஸ்ஸில் இருந்தார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ‘சோடியம்’ என்றால் குழந்தைகூடக் கை காட்டும். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியில் கோட்டைவிட்டு விசிலைக் கையில் எடுத்தவர் என்று கேள்வி.

ஆறு பேருக்கான கடைசி நீளச் சீட்டில் எட்டுப் பேர் உட்கார்ந்தால்தான் அவருக்கு மூச்சு சீராகும். ஏழோடு நின்றால் போச்சு! முன்னால் தனியாக இருக்கிறவர் தலையில் விடியும்.

"ஏனுங்க, ஒண்டியா உக்காந்து என்ன பண்றீங்க? பின்னாடி குளோரின் வூட்ல ஒரு ஆளு கொறையுதுங்க, போங்க!"

"குளோரினா? அவரு எந்த ஊருங்க?"

புத்தகத்தில் எலக்ட்ரான் இருக்கும் இடத்துக்குப் பெயர் கூடு. இவர் வாயில் அது வூடுதான். குளோரினின் கடைசி வூட்டில் ஏழு, எட்டானால்தான் அதற்கு நிம்மதி; சோடியத்தின் கடைசி வூட்டிலோ தனியாக ஒன்றே ஒன்று.

ஒருநாள் தக்காளிக் கூடையோடு ஒரு தம்பதி ஏறினார்கள். மனைவிக்கு லேடீஸ் சீட்டு. எதிர்ப்பக்கம் தனியாக இருந்த புருஷனைச் சோடியம் பிடுங்கிப் பின்னால் செருகிவிட்டார்.

"யோவ், கூடையப் பாக்காம அங்க என்ன பண்ற?" என்று முன்னாலிருந்து சத்தம்.

"நானா வந்தேன்? தள்ளிட்டு வந்துட்டாங்க!" என்று பின்னாலிருந்து பதில்.

சோடியத்துக்கு ஒரே குஷி. "பாத்தீங்களா! ஆளக் குடுத்த பக்கம் பிளஸ்ஸு, வாங்குன பக்கம் மைனஸ்ஸு. இனி ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டே கெடக்கும். இதாங்க அயனிப் பிணைப்பு!"

"பிணைப்பும் வேணாம், கிணைப்பும் வேணாம், எம் புருஷனக் குடுங்க!"

நான் அப்போது பத்தாவது சயின்ஸில் இரண்டு தடவை ஃபெயில். மூன்றாவது தடவையும் போனால் ஓசூர் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கோ நர்ஸ் படிக்க ஆசை.

பரீட்சை அன்று பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. கடைசிச் சீட்டிலும் எட்டு ஆகிவிட்டது. புத்தகத்தை விரிக்க முடியாமல் நின்ற என்னைச் சோடியம் பார்த்தார். சட்டென்று எழுந்து, தன் கண்டக்டர் சீட்டைக் காட்டினார்.

"உக்காந்து படி பாப்பா."

பாலக்கோடு வரை படிக்கட்டில் தொங்கிக்கொண்டே வந்தார்.

கேள்வித்தாளில் முதல் பெரிய கேள்வியே சோடியம் குளோரைடுதான். பஸ்ஸை நினைத்துக்கொண்டு விறுவிறுவென்று எழுதிக் கொடுத்தேன். கேட்டைத் தாண்டும்போதுதான் உறைத்தது. ஐயோ, ‘சோடியத்தின் கடைசி வூட்டில் ஓர் எலக்ட்ரான்’ என்று எழுதியிருக்கிறேனே! அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ரிசல்ட் அன்று பேப்பரில் என் நம்பர் வந்திருந்தது. திருத்தியவரும் எங்கள் பக்கத்து ஆளோ என்னவோ! அடுத்த நாள் பஸ்ஸில் ஏறியதுமே, "அண்ணா, கூடுன்னு எழுதாம வூடுன்னு எழுதிட்டங்கண்ணா. ஆனா பாஸு!" என்றேன்.

அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அப்புறம் சிரித்தார்.

"நானும் அதயேதான் எழுதுனேன் பாப்பா. எனக்கு மட்டும் சுழிச்சு ஃபெயிலாக்கிட்டாங்க."

நர்ஸாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. தன்னிடம் இருந்த ஒற்றைச் சீட்டையும் எனக்குக் கொடுத்துவிட்டுத் தொங்கிக்கொண்டு வந்த அந்த மனுஷருக்கு, என் கணக்கில் இன்றைக்கும் பிளஸ்தான்.