பங்களாத் துவக்கும் நடக்கிற சிலுவையும்

“மறுபடியும் குண்டு எடது பக்கம் நாலு விரல் தள்ளி!” துரை துவக்கைப் பிலிப்புவின் கையில் திணித்தார். “நீ தொடைக்கிறப்போ கீழ போட்டது. ஞாயித்துக்கெழம பன்னி வேட்டைக்கு நாலு தொர வருது. அதுக்குள்ள சரி பண்ணல்லன்னா, திங்கக்கெழம நீ மலைக்கு!”

மலைக்கு என்றால் நாள் முழுக்கக் குனிந்து கான் எனும் வடிகால் வெட்டும் வேலை. பதினொரு வருஷமாகப் பங்களாத் துவக்கைத் துடைப்பதைத் தவிர வேறு எதற்கும் குனியாத பிலிப்புவுக்கு இப்போதே இடுப்பு வலித்தது.

“சரிங்க தொர” என்று வழக்கம்போல் துரையின் கால் சப்பாத்தைப் பார்த்துச் சொன்னான். அறுபத்தெட்டாம் வருஷத்தில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் துரையின் முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கம் யாருக்கும் கிடையாது.

துரை போனதும், தேநீர்க் கோப்பையை எடுக்க வந்த பங்களா ஆயா றோசாலி தயங்கி நின்றாள்.

“பிலிப்பண்ணே, நான் ஒண்ணு சொல்லவா?”

“துவக்கு சமாச்சாரம் ஒனக்கு என்னா புள்ள தெரியும்? போ, போ.”

துவக்கின் மேல் குறிபார்க்கப் பூட்டிய குழாய்க் கண்ணாடிக்குள் ஒரு சிலுவை தெரியும். சிலுவை நிற்கும் இடத்தில் குண்டு விழ வேண்டும். குழாயின் பக்கத்துத் திருகைப் பிலிப்பு தைரியமாக ஒரு சுற்றுச் சுற்றினான். மாலையில் துரை சுட்டபோது நாலு விரல் ஒரு சாணாகியிருந்தது.

மறுநாள் குழாயை மட்டும் கழற்றித் துவாயில் சுற்றிக்கொண்டு பதுளைக்கு பஸ் ஏறினான். கடைவீதியில் மணிக்கூடு திருத்தும் புவாத் அதை மேசையில் இறுக்கி, தூரத்து மின்கம்பத்தைப் பார்த்தார். தலையை மெல்ல அசைத்தார். மறுபடி அசைத்தார். பக்கத்தில் தேநீர் ஆறியது.

“பிலிப்பு, இதப் பாருங்க! குழாயும் அசையல்ல, கம்பமும் அசையல்ல. எண்ட தல அசைஞ்சா சிலுவ மட்டும் நடக்குது!”

பிலிப்பு பார்த்தான். தலையைச் சாய்த்தால் சிலுவை கம்பத்தை விட்டு நகர்ந்தது. நிமிர்ந்தால் திரும்பி வந்தது. அவசரமாக நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டான்.

“பேயாங்க மொதலாளி?”

“பேயுமில்ல பிசாசுமில்ல. அந்தச் செவர் மணிக்கூட்ட நேரா நிண்டு பாருங்க, பத்து மணி. ஓரத்துல நிண்டு பாருங்க, ரெண்டு நிமிஷம் பிந்தும். மணிக்கூடு பொய் சொல்லல்ல, நாம நிக்கிற எடந்தான் பிழ. குழாய்லயும் ஒரு பிழையுமில்ல. கண்ணு நட்ட நடுவுல இருக்கோணும்.”

பிலிப்புவுக்கு வந்த சந்தோஷம் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

“அத தொரைக்கு யாருங்க சொல்றது? தலைய நேரா வைங்கன்னு சொன்னா எந்தல நிக்குமா?”

“வாயால சொல்லாதீங்க. துவக்குக் கட்டையில கன்னம் படுற எடத்துல ஒரு சின்ன மெத்த தச்சி வைங்க. கன்னம் அதுல ஏறினா வலக்கண்ணு தானா நடுவுக்கு வந்திரும்.”

பழைய கம்பளித் துண்டில் பிலிப்பு மெத்தை தைத்தான். சனிக்கிழமை காலை, துரை தொழிற்சாலைக்குப் போயிருந்த நேரத்தில் குழாயைப் பூட்டி, மெத்தையில் கன்னத்தை வைத்துச் சுட்டுப் பார்த்தான். திருகைச் சரிசெய்து சுட்ட மூன்றாவது குண்டு பிஸ்கட் டின் மூடியின் நடுவில் ஓட்டை போட்டது. அவனுக்குப் புவாத்தைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

துரை வந்தார். பிலிப்பு பின்னால் பணிந்து நின்றான். அவன் பார்வையிலிருந்த சப்பாத்துக்கள் இடப்பக்கம் நகர்ந்தன, வலப்பக்கம் நகர்ந்தன, ஒன்றையொன்று மிதித்தன. மேலே ஒரு முனகல் கேட்டது.

டமார்!

பிஸ்கட் மூடி அசையவே இல்லை. ஐந்து கஜம் தள்ளியிருந்த பங்களாவின் தண்ணீர்த் தாங்கியிலிருந்து தண்ணீர் பீறிட்டது.

“மலைக்கு!” என்று கத்தினார் துரை. “திங்கக்கெழம இல்ல, இன்னைக்கே!”

துரை போன பிறகும் பிலிப்பு மெத்தையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குசினிப் படியில் உட்கார்ந்திருந்தான். அழுகை வந்தது. றோசாலி தாங்கியின் ஓட்டைக்கு நேரே வாளியை வைத்துவிட்டு வந்தாள்.

“வலது கண்ணு நடுவுக்கு வரணும்னுதானே புள்ள தச்சேன். எனக்குச் சரியா வந்துச்சே! தொரைக்கு மட்டும் ஏன் வரல்ல?”

றோசாலி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அதத்தானே அண்ணே அன்னைக்கே சொல்ல வந்தேன்! தொரையோட வலது கண்ணு கண்ணாடிக் கண்ணு. தெனம் காலையில தம்ளர்லருந்து எடுத்துக் கழுவிக் குடுக்குறதே நாந்தான்.”