நூற்றறுபது மாமாக்கள்

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

மாடியில் நான் நலம். கீழே தாங்களும் நலம் என்பதைத் தங்கள் இருமலிலிருந்து அறிகிறேன். பதினான்கு படிக்கட்டுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். கேட்டால் நல்லது. ஒன்பது நாளாக நீங்கள் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை.

எங்கள் அனிமேஷன் படம் சின்னப் படம். அதில் வரும் இறுதி ஊர்வலம் பெரியது. இறந்துபோன ஓர் ஆசிரியையின் பின்னால் நூற்றறுபது பேர் நடக்க வேண்டும். விநாடிக்குப் பன்னிரண்டு படம். வரைய நான் ஒருவன். ஆளுக்கொரு நடை கொடுக்க நினைத்து, பதினொரு நாளில் ஆறு பேரை முடித்தேன்.

இயக்குநர் வந்து பார்த்தார். "இந்த வேகத்துல போனா செத்தவங்களே எழுந்து நடந்து போயிருவாங்கப்பா."

அப்போதுதான் ஜன்னலுக்குக் கீழே நீங்கள் போனீர்கள். நாலு எட்டு. இடது கையால் பேண்ட்டைப் பின்பக்கம் ஓர் இழுப்பு. தலையைத் திருப்பி ஒரு பார்வை. அசல் மனித நடை. வரைந்தேன். அதையே எல்லோருக்கும் ஒட்டி, சட்டையை மட்டும் மாற்றினேன். ஆளுக்கு ஆள் அடி வைக்கும் நேரத்தைக் கொஞ்சம் முன்பின் தள்ளி வைத்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன், நம் குடும்பமே வந்திருந்த முதல் திரையிடலில் நூற்றறுபது பேரும் ஒரே நொடியில் பேண்ட்டை இழுத்தார்கள், ஒரே நொடியில் திரும்பிப் பார்த்தார்கள், அழ வேண்டிய இடத்தில் அரங்கமே சிரித்தது, உங்கள் தங்கை, அதாவது என் அம்மா, "ஐயோ, இது நம்ம அண்ணன் நடைதானே" என்று கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாள், நீங்கள் எழுந்து போனீர்கள், நான் நாற்காலிக்கு அடியில் குனிந்து, விழாத பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதைவிடப் பெரிய வெட்கம் மறுநாள் வந்தது. அத்தை மாடியேறி வந்தார்.

"ஏன்டா, மாமா யாரைத் திரும்பிப் பார்க்கிறார்னு நினைச்ச?"

"சும்மா, பழக்கம்னு..."

"பழக்கம்தான். முப்பது வருஷப் பழக்கம். நான் வர்றேனான்னு பார்க்கிறாரு. அவரை வரைஞ்ச, சரி. பின்னாடி என்னைக் காணோமே."

காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். நூற்றறுபது பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். பின்னால் யாரும் இல்லை. நான் வரைந்தது அதைத்தான்.

இப்போது நீங்கள் திரும்புவதே இல்லை. கழுத்தில் பலகை கட்டியதுபோலப் போகிறீர்கள். அத்தை எங்கோ பின்னால் தனியாக வருகிறார். அந்தக் காட்சியை அழித்துவிட்டேன். ஆளுக்கொரு நடையாக வரைகிறேன். பத்தாவது ஆளில் நிற்கிறேன். என்னைத் திட்டுங்கள். மாடியைக் காலி செய்யச் சொல்லுங்கள். அத்தையை மட்டும் பழையபடி திரும்பிப் பாருங்கள்.

தங்கள் முழங்காலுக்கும் அத்தையின் பொறுமைக்கும் என் வணக்கங்கள்.

தலை நிமிராத
மருமகன்

பி.கு.: கடிதத்தை முதலில் அத்தையிடம் காட்டினேன். "நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா கடைசியில கேட்டியே, அது வேண்டாம். அவரு திரும்பிப் பார்க்காததால இப்பத்தான் வழியில ஒவ்வொரு கடையா நின்னு நிதானமா பார்த்துட்டு வர்றேன்" என்றார். ஆகவே, மன்னிக்க நினைத்தாலும் ஒரு மாதம் பொறுத்து மன்னியுங்கள். தான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்.