இறங்காத சிறகும் நரியாரின் இணையமும்

ஒரு காட்டில், மரத்துக்கு மரம் கம்பி ஓடியும் இணையம் மட்டும் ஓடாத ஒரு காட்டில், மரகதவல்லி என்ற மைனா மூன்று குஞ்சுகளோடு மரப்பொந்தில் குடியிருந்தாள்.

மழைக்கு எட்டே நாள் இருந்தது. மழை வந்தால் பொந்துக்குள் தண்ணீர் ஏறும். அதற்குள் குஞ்சுகள் பறந்தாக வேண்டும். தாய் சொல்லிக்கொடுத்தால் ஆகாதா என்று கேட்காதீர்கள். சான்றிதழ் இல்லாமல் பறந்தவர்களை அந்தக் காட்டில் எந்தக் கிளையிலும் உட்கார விடமாட்டார்கள். பருந்து சாரிடம் ஆன்லைனில் படித்தால்தான் சான்றிதழ்.

பருந்து சார் திரையில் சிறகைத் தூக்குவார். படம் அப்படியே நின்றுவிடும். வட்டம் சுற்றும். குஞ்சுகளும் சிறகைத் தூக்கியபடியே நிற்கும். பத்து நாளாக இதே பாடம்.

“இறக்குங்கடா செல்லங்களா, வலிக்கப் போகுது!”

“சார் இன்னும் இறக்கலையேம்மா!”

மரகதவல்லிக்கு வயிறு எரிந்தது. இணையத்தை நடத்தியவர் நரியார். காட்டில் அவரை விட்டால் வேறு ஆளில்லை. குறை சொல்லப் போனால், “மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்கம்மா” என்பார். அதைச் சொல்வதற்காக அவர் தூக்கத்திலிருந்து கண்ணைக்கூடத் திறப்பதில்லை.

காட்டுச் சபையே சொந்தமாக இணையம் நடத்தட்டும் என்று மரகதவல்லி மனு கொடுத்தாள். யானைத் தலைவர் சபையைக் கூட்டினார்.

“பொதுக் குளம் பாசி பிடிச்சுக் கிடக்கு. அதையே பார்க்க ஆளில்லை, இணையத்தை யாரு பார்ப்பா?” என்றார் நரியார்.

“பாசி பிடிச்சாலும் அதுல தண்ணி இருக்கு அண்ணே! உங்க கம்பியில என்ன இருக்கு?” என்றாள் மரகதவல்லி.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நரியாருக்கு வால் தொங்கிவிட்டது.

அடுத்தது வாக்கெடுப்பு. கண் திறந்த உயிருக்கெல்லாம் அங்கே ஓட்டு உண்டு. கை உள்ளவர் கையை, சிறகு உள்ளவர் சிறகைத் தூக்க வேண்டும். தூக்கியவருக்கு உடனே மை வைத்துவிடுவார்கள்.

“முதல்ல வேண்டாங்கிறவங்க தூக்குங்க,” என்றார் யானை.

நாற்பது பேர் தூக்கினார்கள். பாதிப் பேர் நரியாரின் சொந்தபந்தம். அம்மாவுக்குப் பக்கத்தில் மூன்று குஞ்சுகளும் வழக்கம்போல் சிறகைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தன. எழுத்தர் ஆந்தைக்குப் பகலில் கண் கூசும். தடவித் தடவி வந்து மூன்று சிறகுகளிலும் மை வைத்துவிட்டது.

“ஐயையோ, அது ஓட்டு இல்லீங்க, பாடம்!” என்று அலறினாள் மரகதவல்லி.

“மை வெச்சாச்சும்மா,” என்றது ஆந்தை.

வேண்டும் என்றவர்கள் நாற்பத்தொன்று. வேண்டாம் என்றவர்கள் நாற்பத்து மூன்று. மரகதவல்லி அன்று முழுக்க அழுதாள்.

மறுநாள் காலையில் நரியாரே புதுக் கம்பியோடு வந்து நின்றார்.

“நம்ம பக்கம் நின்ன பிள்ளைங்க! இனி உங்க பொந்துக்கு ஆயுசு முழுக்க அதிவேக இணைப்பு.”

கண்ணைக் கொத்திவிடலாமா என்றிருந்தது அவளுக்கு. அதற்குள் திரையில் பருந்து சாரின் சிறகு இறங்கியது. குஞ்சுகளின் சிறகுகளும் இறங்கின. ஆறாம் நாள் மூன்றும் பறந்தன. தாயின் மனம் குளிர்ந்துபோனது.

முதல் தூறல் விழுந்த அன்று, கீழ்க்கிளை அணில் வந்தாள்.

“அக்கா, எங்க வீட்டுல இன்னும் வட்டம்தான் சுத்துது. மறுபடி ஒரு மனு கொடுப்பமா?”

மரகதவல்லி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரேன்டி.”

நீதி: எதற்கென்று தெரியாமல் கை தூக்குபவர் வீட்டுக்கே எல்லா வசதியும் முதலில் வந்து சேரும்.